சூப்பிரண்டுக்கு ஒரு தப்பு

"ஏம்மா, 'ரிசீவ்'ல 'ஐ' முன்னாடி வருமா, 'ஈ' முன்னாடி வருமா?"

இன்ஷூரன்ஸ் ஆபீஸின் புகார்ப் பிரிவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார் சூப்பிரண்டு.

அவர் மேஜைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாள் புதுப்பொண்ணு. வாடிக்கையாளர்களுக்குப் போகிற இங்கிலீஷ் லெட்டரெல்லாம் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். மனுஷன் சும்மா பார்ப்பாரா? சிவப்புப் பேனாவைத் திறந்தால் ஒரு வட்டமாவது போடாமல் மூடமாட்டார்.

"'ஈ' சார்."

"தெரியுதில்ல? 'சி'க்குப் பக்கத்துல வந்தா 'ஈ' முன்னாடி. ஆனா 'வெயிட்'ல 'சி' எங்க இருக்கு? அங்கயும் 'ஈ'தானே முன்னாடி வருது? கேட்டா விதிவிலக்காம். இந்த பாஷையில விதியைவிட விலக்குதான் ஜாஸ்தி!"

"ஆமா சார்."

"ஒரு காலத்துல 'நைஸ்'னா முட்டாள்னு அர்த்தம், தெரியுமா? என்னை யாராச்சும் நைஸ்னு சொன்னா, எந்தக் காலத்து அர்த்தத்துல சொல்றாங்கன்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம்தான்."

அப்புறம் இன்னும் நாலு வார்த்தையின் பூர்வீகத்தையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டுத்தான் அவளை விட்டார்.

பக்கத்து சீட் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "ஒரு வட்டம்தானே? பொழச்ச போ."

புதுப்பொண்ணு வந்த புதிதில் ஒரு தப்புகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். தேடித் தேடிப் பார்த்த சூப்பிரண்டு, ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் நல்ல வாக்கியங்களையெல்லாம் கொத்துக்கறி போட்டுவிட்டார். அழாத குறையாக நின்றவளுக்கு அக்காதான் வழி சொன்னாள்.

"தப்பே இல்லன்னா அவருக்குக் கை அரிக்கும்டி. கண்ணுல படுற மாதிரி ஒண்ணு விட்டு வை, திருஷ்டிப் பொட்டு மாதிரி. அதுக்கு வட்டம் போட்டுட்டு மத்ததைத் தொடமாட்டார். நாங்க எல்லாரும் அப்படித்தான் காலம் தள்றோம்."

அன்றிலிருந்து அவளும் பொட்டு வைக்க ஆரம்பித்தாள்.

அதுவே ஒருநாள் வினையாகிவிட்டது. அவளை நிரந்தரம் பண்ணலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு பண்ண மேனேஜரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவள் எழுதிய லெட்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்னம்மா இது, எதை எடுத்தாலும் சிவப்பு வட்டம்? இங்கிலீஷ் வராதவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

புதுப்பொண்ணு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் அக்கா உட்பட மொத்த செக்‌ஷனும் மாட்டும். சொல்லாவிட்டால் வேலை போகும்.

அக்கா தரையைப் பார்த்தாள். மற்றவர்கள் சூப்பிரண்டைப் பார்த்தார்கள். தன் மேல் தப்பு என்று அந்த வாய் ஒருநாளும் சொன்னதில்லை. பாவம், இந்தப் பொண்ணு கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சூப்பிரண்டு எழுந்தார்.

"சார், தப்பு அவ மேல இல்ல. என் மேலதான்."

"என்ன சொல்றீங்க?"

"சரியா எழுதிக் கொடுத்தா நான் அதைத் திருத்துறேன் பேர்வழின்னு கெடுத்துடுவேன். அதுக்குப் பயந்து எனக்குன்னு ஒரு தப்பு வச்சுக் கொடுக்கிறாங்க. இவ மட்டுமில்ல, செக்‌ஷனே அப்படித்தான். வட்டத்தை விட்டுட்டு மத்ததைப் படிச்சுப் பாருங்க சார். என் இங்கிலீஷைவிட நல்லா இருக்கும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேனேஜர் நாலைந்து லெட்டர்களை நிதானமாகப் படித்தார். முகம் மாறியது.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. உன் வேலை நிரந்தரம்மா." சூப்பிரண்டு பக்கம் திரும்பினார். "இனிமே நீங்க எந்த லெட்டரையும் பார்க்க வேண்டாம். எழுதுறவங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்."

"சரிங்க சார்" என்று உட்கார்ந்தார் சூப்பிரண்டு.

மேனேஜர் போனதும் அவர் மேஜைக்கு ஓடினாள் புதுப்பொண்ணு. கண்ணில் தண்ணீர் நின்றது.

"மன்னிச்சுடுங்க சார். உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீ தப்பு விட ஆரம்பிச்ச முதல் வாரமே தெரியும். 'காம்பென்சேஷன்'னு பிசிறில்லாம எழுதுறவளுக்கு 'ரிசீவ்' வராதாக்கும்?"

"அப்பவே எங்களைத் திட்டி நிறுத்தியிருக்கலாமே சார்!"

சூப்பிரண்டு சிவப்புப் பேனாவை மூடி டிராயருக்குள் போட்டார்.

"நிறுத்தியிருக்கலாம். அப்புறம் ரெண்டு வார்த்தை பேச எங்கிட்ட யாரும்மா வருவாங்க?"