கண்ணாடிக்குப் பின்னால் மகள்

சுற்றுலாப் படகு ஏரியின் நடுவே நிற்கிறது. கரையெங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் மாலை வெயிலில் தகதகக்கின்றன. வழிகாட்டிப் பெண் மைக்கில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, எல்லோரும் செல்போனைத் தூக்குகிறார்கள். கடைசி வரிசையில், பக்கத்து சீட்டில் குடையை உட்காரவைத்திருக்கும் ரிட்டயர்டு பஸ் டிரைவர் மட்டும் ஒரே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கேதான் மகள் வேலை பார்க்கிறாள். கூடவே சுற்றிக்காட்ட அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். நாளைக் காலையில் அவருக்கு ஊருக்கு ரயில். போனை எடுக்கிறார். “அம்மாடி, உன் ஆபீஸுக்கு நேரா நிக்கிறேன். கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாயேன்.” “வந்துட்டேம்ப்பா. கையாட்டுறேன், தெரியுதா?” என்று கிசுகிசுக்கிறாள் மகள். அவளுக்குப் பின்னால் யாரோ, “மேடம், அடுத்த ஸ்லைடு போகலாமா?” என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுகிறது. கண்ணாடி முழுக்க வெயில்தான். ஆள் நிழல்கூட இல்லை. “தெரியுதும்மா, நல்லாத் தெரியுது,” என்கிறார். போன் கட்டாகிறது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டிக்கொண்டே இருக்கிறது. வழிகாட்டி எதிர்ப்பக்கம் ஏதோ தீவைக் காட்ட, எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. அவர் எழுந்து நின்று, கண் கூசும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையாட்டுகிறார்.