வலிக்காப்பு

அழுகியது நாயின் கால், வலித்தது ரோஸ்லினுக்கு. நாயின் வலியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் காப்பைக் கையில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் அந்த வீட்டில் அவளுக்கு வேலை.

வலி தெரியாத நாய் அந்தக் காலை ஊன்றியே கூடமெல்லாம் துள்ளியது. துள்ளிய இடமெல்லாம் மஞ்சள் சீழ். விரலிடுக்கில் புழு நெளிவதைப் பார்த்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“மேடம், டாக்டர்கிட்ட காட்டிருங்க மேடம். என்னால காலைக் கீழ வைக்க முடியல.”

அவந்திகா மூக்கைப் பொத்திக்கொண்டாள். “அதுதான் நல்லா ஓடுதே! நீ மொதல்ல தரையைத் தொடச்சு விடு.”

ரோஸ்லின் காப்பைக் கழற்றினாள். மறுநொடி நாய் வீலென்று அலறிச் சுருண்டு விழுந்தது. அவந்திகா பதறி ஓடிவந்து, நாற்றத்தையும் மறந்து அதை மடியில் அள்ளிக்கொண்டாள்.

“அடிப்பாவி, வாயில்லா ஜீவன்டி இது! எப்படித் துடிக்குது பாரு! மாட்டுடி அதை!”

கண்ணீரும் கம்பலையுமாக அவள் நாயைக் கொஞ்சிய கொஞ்சல், ரோஸ்லினுக்குப் புழுவைவிட அதிகமாகக் குமட்டியது.

“இந்தாங்க மேடம், நீங்களே மாட்டிக்குங்க” என்று காப்பை நீட்டினாள்.

நாயைத் தடவிக்கொண்டிருந்த கையை அவந்திகா சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.