மாரீஸ்வரியின் நிறம்

மூன்றாவது தாளையும் கிழித்தாள்.

கண் வந்துவிட்டது. உதட்டோரத்து மச்சம் வந்துவிட்டது. பென்சிலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்ணம் தொட்டதும் வேறு யாரோ ஆகிவிடுகிறது.

எழுந்தாள். கிண்ணத்துத் தண்ணீரை மாற்றினாள். பென்சிலைச் சீவினாள். சீவிய பென்சிலையே மறுபடி சீவினாள்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம். வாழைப்பூ, கம்மங்கதிர், மழையில் நனைந்த காக்கா. முகம் வரைந்ததே இல்லை.

அதைச் சொல்லியும் கீழ்வீட்டு வேலம்மாள் கேட்கவில்லை. காலையிலேயே வந்து, சட்டம் போட்ட போட்டோ ஒன்றை மேசையில் குப்புற வைத்தாள்.

“நாளைக்கு வருசம் திரும்புது தாயி. இத வச்சு எப்படிக் கும்பிட? நீயே ஒண்ணு வரைஞ்சு கொடு.”

அவள் திருப்பிப் பார்த்தாள். வேலம்மாளின் மகள் மாரீஸ்வரி. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கையில் நான்கே நாள் காய்ச்சலில் போனவள். ஸ்டூடியோவில் பெரிதாக்கிய படம். கன்னமெல்லாம் ரோஸ். கழுத்து பால் வெள்ளை.

“எம்பிள்ளையே இல்ல இது. காலேஜ் கார்டுல இருந்த சின்னப் போட்டோவக் கொடுத்தேன். வெளுப்பாக்கிக் கொடுத்துட்டான். கேட்டா, ‘அழகாத்தானக்கா இருக்கு’ங்கான்.” வேலம்மாள் மூச்சு வாங்கினாள். “கறுப்புன்னு சொல்லி, மகனுக்கு வேண்டாம்னுட்டுப் போனாளே எந்நாத்தனா, அவளும் நாளைக்கு வருவா. இதப் பாத்துட்டு, ‘இப்படி இருந்திருந்தா கட்டியிருப்போமே’ம்பா.”

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. நாற்காலி இருக்கச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைதான் கையை ஓடவிடவில்லை.

அவள் நான்காவது தாளில் முகத்தைக் கோடாக வரைந்துவிட்டு, புதுப் பென்சில் பெட்டியைத் திறந்தாள். தண்ணீர் பட்டால் கரையும் ரகம். அதில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒன்று. நிறம் பார்க்கும் ஓரத்தாளில் தேய்த்தாள். ஈரத் தூரிகையால் தொட்டாள்.

இளஞ்சிவப்பாய்க் கரைந்து ஓடியது.

பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனை பெட்டி வாங்கியிருப்பாள். யாருடைய தோல் இது என்று கேட்கத் தோன்றியதில்லை.

கறுப்பு ட்யூபைப் பிதுக்கினாள். அடுப்புக்கரி பூசியதுபோல் ஆனது. பழுப்பில் மஞ்சள் சேர்த்தாள். பனங்கற்கண்டு நிறம் வந்தது. செங்காவியில் நீலம் விட்டாள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

ஓரத்தாள் முழுக்கச் சின்னச் சின்னத் திட்டுகள்.

எதுவும் இல்லை. எதுவும் இல்லை.

தூரிகையை டீ டம்ளரில் முக்கிவிட்டாள்.

வேலம்மாள் எழுந்து வந்தாள். முந்தானையால் முழங்கை வரை துடைத்து, கையை மேசைமேல் நீட்டினாள்.

“என்னப் பாரு. அவ என்னவிட ஒரு படி கறுப்பு.”

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பழுப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். பார்க்கப் பார்க்க உள்ளே நீலம் தெரிந்தது. மணிக்கட்டு மேட்டில் செம்பு மினுங்கியது.

செங்காவி. நீலம். மறுபடி செங்காவி.

“நானே பாசிப்பயறு மாவு போட்டுத் தேய்ப்பேன்,” என்றாள் வேலம்மாள், கையை எடுக்காமல். “‘எரியுதும்மா’ம்பா. ‘எரிஞ்சாத்தாம்ட்டி நிறம் வரும்’பேன்.”

அவள் கலவையைத் தொட்டுப் படத்துக்கு வந்தாள். தூரிகை நெற்றியில் இறங்கியது. கன்னம். மூக்கு. கழுத்து. ஈரத்தில் நிறம் தானாகப் பரவி, மச்சத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

மாரீஸ்வரி.

கொடியில் காயும் சீருடையை எடுக்க, மழைக்கு முன்னால் மாடிக்கு ஓடிவரும் அதே முகம்.

வேலம்மாளின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

“இதான். இதேதான் தாயி.”

அவளுக்கு நிம்மதி வரவில்லை. நீர்வண்ணத்தின் குணம் அப்படி. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். கால்மணி நேரத்தில் இரண்டு படி இறங்கிவிடும். சொல்லாமல் இருக்கவும் முடியாது.

“காய்ஞ்சா வெளுத்துரும்க்கா. அதுக்கு மேல இன்னொரு பூச்சு போடணும். அப்பத்தான் நிக்கும்.”

வேலம்மாள் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வெளுத்துருமா?”

“ஆமாக்கா.”

“கொஞ்ச நேரம் காயவிடாத தாயி.”

அவள் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.