பச்சைக் கோடுகள்

அண்ணனூர் வீட்டுக் கூடத்தில் மத்தியான வெயில் லேப்டாப்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது. திரையில் பச்சைக் கோடுகள் எகிறிக் குதிக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள், லேப்டாப்போடு இன்னும் இணைந்திருக்கும் மருமகனின் ரெக்கார்டிங் பெட்டியில் மைக்கைச் செருகி மாசிலாமணி பேசி வைத்த குரல் அது. என்ன பேசுவதென்று தெரியாமல், வேலை விட்டு வந்து வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி "ஞானம்" என்றுதான் தொடங்கினார். இனி அவருக்கு வேறு குரல் கிடையாது. வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டார். லேப்டாப்பை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டார். இப்போது கழுத்துக் கட்டின் மேல் கை வைத்தபடி, யாருக்கோ நடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அழிஞ்சி கிஞ்சி பூடுச்சாடி?" என்று அவர் மனைவி ஞானம்மாள் போனில் மகளைக் கேட்கிறாள். ஸ்பீக்கரில் கனிமொழி சொல்கிறாள்: "அழியலம்மா. அந்தப் பெட்டிய சொருகினா சத்தம் லேப்டாப்புல வராது, பெட்டிக்குத்தான் போவும். அதுல இருக்கிற ஹெட்போன எடுத்து மாட்டு." ஞானம்மாள் மாட்டிக்கொள்கிறாள். அவருக்கு இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பும் மின்சார ரயிலின் இரைச்சல் வந்து தேய்கிறது. கோடுகள் மறுபடி குதிக்கின்றன. "தோ, வரேங்க" என்று உரக்கச் சொல்லியபடி ஞானம்மாள் எழுந்து வாசல் பக்கம் திரும்புகிறாள். அவர் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.