மீனெண்ணெய்

“மீனெண்ணெயப் பிள்ளைக்குக் குடுத்தியா, இல்ல நீயே குடிச்சுத் தீர்த்தியா?”

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளெல்லாம் கேட்க மாமியார் பேச்சியம்மா இப்படிக் கேட்டதிலிருந்து, தெய்வானை மகளின் வளைந்த கால்களைச் சேலையால் மூடியே தூக்கித் திரிந்தாள்.

கண்டி டாக்டரிடமும் மாமியார் கூடவே வந்தாள்.

“வெயில்ல, எண்ணெய்ல கெடைக்கிற வைட்டமின் டி உள்ள போயிருக்கு. அத எலும்புக்கு ஏத்த மாதிரி கிட்னிதான் மாத்தணும். இவளுக்குப் பொறப்புலேயே அது நடக்கல. மாத்தின மருந்தையே குடுத்துப் பாக்கலாம். அம்மா மேல குத்தமில்ல. நெருங்கின சொந்தத்துல கட்டினா இப்படி வரலாம். நீங்க சொந்தமா?”

தெய்வானை தலைகுனிந்தாள்.

“ஆமாங்க டாக்டர். வேணாம்னுதான் அழுதேன். ‘அண்ணன் மக வேற வீட்டுக்குப் போனா நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்’னு சொல்லிக் கட்டி வச்சாங்க.”

“யாரு?”

தெய்வானை நிமிரவேயில்லை.

பேச்சியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.