மலைத்தபாலுக்கு ஒரு கடைசி வாய்ப்பு

"நம்மட ஆக்களே நம்மள வாணாம்னு செல்றாங்களாம், மச்சான். கம்பனிக்காரன் அப்பிடித்தான் எழுதியிருக்கான்" என்றார் ஜமால்தீன்.

"பச்சைப் பொய்!" இராமநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்தால் அவருக்கு அது பழக்கம். கழற்றினால் கம்ப்யூட்டர் திரை தெரியாது. திரை தெரியாவிட்டால் கோபம் இன்னும் ஏறும்.

கண்டி கட்டுக்கலையில் இராமநாதன் வீட்டு முன்னறையில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டருக்குப் பெயர் 'மலைத்தபால்'. ஊருக்கென்று சொந்தமாக ஓர் ஈமெயில் இருக்கட்டும் என்று நண்பர்கள் இருவரும் வாலிப வயதில் ஆரம்பித்தது. டெலிபோன் வயரில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு கடிதம் வந்து இறங்கிய காலம் அது. ஞாயிறு வந்தால் ஹந்தானை மலைத் தோட்டங்களிலிருந்து சனம் இறங்கிவிடும். சவூதியில் இருக்கிற மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்க வாசல்வரை நிற்பார்கள். எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றியே இராமநாதன் மனைவி கமலத்துக்குக் கை ஓய்ந்துவிடும். அடடா, என்ன கூட்டம், என்ன சிரிப்பு! இப்போது நினைத்தாலும் இராமநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்றைக்கு எல்லார் ஃபோனிலும் பெரிய கம்பனியின் மெயில்தான். மலைத்தபாலுக்கு மிஞ்சியது ஒரே வேலை. ஊரில் யாராவது கண்ணை மூடினால், உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு மரண அறிவித்தல் அனுப்புவது. அதையும் குப்பை மெயில் என்று அந்தக் கம்பனி தடுத்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன என்று ஜமால்தீன் ஒருநாள் வாயைக் கொடுத்துப் பார்த்தார்.

"பொறந்தநாள் கேக்குக்கும் குட்மார்னிங் பூவுக்கும் நடுவுல ஒரு மனுசன் சாவு கெடக்கணுமா?" என்று இராமநாதன் பாய்ந்ததில் அந்தப் பேச்சு அன்றோடு சரி.

"முழுசையும் வாசி" என்றார் இப்போது.

"மெயில் கிடைக்கிற ஆக்களே ஸ்பேம் பட்டனை அமத்தி முறைப்பாடு செய்றாங்களாம். நாம விடாம எழுதினதால இன்டைக்குத் தடைய எடுத்திருக்கான். இனியும் முறைப்பாடு வந்தா நிரந்தரமா மூடிடுவானாம். அதுக்குப் பொறகு எவ்வளவு கெஞ்சினாலும் திறக்க மாட்டானாம்."

தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள் கமலம். "என்ன நானா, முகம் வாடிப்போயிருக்கு?" ஜமால்தீனை அண்ணன் முறைவைத்து அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நம்ம சேதி நம்ம ஆளுகளுக்கே வேணாமாம். கம்பனி சொல்லுது" என்றார் இராமநாதன்.

"அவன் நாசமாப் போக! கண்டி எந்தத் திக்குல இருக்குன்னாச்சும் தெரியுமா அவனுக்கு? நம்ம சேதிய நம்ம ஆளுக வேணாங்குமா? என் வாயில நல்லா வருது, நானா!"

இராமநாதன் சிரிக்கவில்லை. "உண்மையா இருந்தா, கமலம்? போன எடத்துல எல்லாரும் நம்மள மறந்துட்டாங்களோ என்னமோ. அப்பிடின்னா இதக் கட்டிக்கிட்டு அழுறதுல அர்த்தமே இல்ல." ஜமால்தீன் அவர் தோளில் கை போட்டார்.

அன்று காலையில்தான் ஹந்தானையில் பொன்னையா செத்துப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எப்போதும் முதல் ஆள் அவர்தான்.

"மகள்ட மெயில மூணு தரம் வாசிங்கன்னு செல்லுவாரே, ஞாபகமா?" என்றார் ஜமால்தீன்.

"மூணாவது தரம் வாசிக்கையிலதான் அழுவாரு" என்றார் இராமநாதன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவித்தலை இன்னொரு தரம் சரிபார்த்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அனுப்பினார்.

கமலத்தின் ஃபோனும் பெரிய கம்பனி மெயில்தான். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிங் என்றது.

"வந்திருச்சுங்க! குப்பையில விழல, நல்ல பெட்டிக்கே வந்திருக்கு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜமால்தீன் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். இராமநாதனுக்குப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று திரும்பி வந்தது போலிருந்தது. எல்லாருக்கும் போயிருக்கும். கனடாவில், லண்டனில், சென்னையில் எல்லாரும் இந்நேரம் பொன்னையாவை நினைத்துக்கொண்டிருப்பார்கள். இனி மலைத்தபாலை யாராலும் அசைக்க முடியாது.

கமலம் நின்றபடியே அறிவித்தலை எழுத்து விடாமல் வாசித்தாள். "போயிட்டீங்களாண்ணே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஃபோனில் எதையோ அமத்திவிட்டு, கைகால் கழுவக் குழாயடிப் பக்கம் திரும்பினாள்.

"கமலம், இப்ப என்னத்த அமத்தின?"

"ஸ்பேமத்தான். எழவுக் காகிதத்த வாசிச்ச கையோட வாசல்லயே கிழிச்சுப் போடாம வீட்டுக்குள்ளயா வெச்சிருப்பாங்க? டிலீட் பண்ணினா உள்ளுக்குள்ளயே ஒரு கூடையில கெடக்குதுங்க, இத அமத்தினாத்தான் வெளிய போகுது" என்றாள் கமலம். "வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுக அத்தன பேருக்கும் நான்தானே சொல்லிக் குடுத்தேன்!"