மேனேஜர் கொடுத்த காளான்

“கேஸ் வாடைதாம்மா. ஆனா லீக் எங்கேயும் இல்லையே!”

அடுப்பு மேடைக்குக் கீழே மண்டியிட்டிருந்த கேஸ் மெக்கானிக் அலுப்போடு சொன்னார். குழாய், வால்வு, பர்னர் என்று ஒன்று விடாமல் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழிகூட எழும்பவில்லை.

அவருக்கு இன்றைக்கு இதுதான் கடைசி வீடு. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஐந்து மாடி ஏறி வந்திருந்தார். கசிவைக் கண்டுபிடிக்கும் மெஷின் மத்தியானமே சார்ஜ் இறங்கிப் பைக்குள் படுத்துவிட்டது. அவருக்கும் அப்படிப் படுக்கத்தான் ஆசை.

“இன்னொரு தடவை பாருங்கண்ணே. நேத்து ராத்திரியிலேருந்து அடிக்குது” என்றாள் அந்த வீட்டுப் பெண். அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல். விழித்திருந்த ராத்திரிகள் எல்லாம் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தன.

“இனிமே பாக்கி சுவத்துக்குள்ள போற குழாய்தான். அதைப் பார்க்கணும்னா இந்த அலமாரியைக் கழட்டணும், கூட ஒரு ஆள் வேணும். இப்போதைக்கு மெயின் வால்வை மூடிட்டேன். நாளைக்கு வரேன். அதுவரைக்கும் அடுப்பைப் பத்த வைக்காதீங்க.”

ஹாலில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் துணியும் கையுமாக ஓடிவந்தான்.

“குடியைக் கெடுத்தீங்களே அண்ணே! இன்னும் ஒரு மணி நேரத்துல எங்க மேனேஜர் சாப்பிட வரார். வெறும் தட்டையா வைக்கறது?”

அந்தத் தட்டில்தான் அவனுடைய பதவி உயர்வு இருந்தது. வருஷக்கணக்காக இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்த சமாசாரம், இன்றைக்குத்தான் வீடு தேடி வருவதாகச் சொல்லியிருந்தது.

“இது கேஸே இல்லண்ணே. நானும் காலையிலேருந்து தொண்டைத் தண்ணி வத்தச் சொல்றேன், இவ கேக்கமாட்டேங்கறா.” ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கண்ணாடி டப்பாவை எடுத்துவந்தான். “இதான் குற்றவாளி. ட்ரஃபிள்!”

“சாக்லேட் கேக்குங்களா?”

“காளான்ணே. மண்ணுக்கடியில விளையறது. நாய் மோப்பம் பிடிச்சுக் காட்டினாத்தான் தோண்டி எடுக்க முடியும். மேனேஜர் வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்து, ‘பத்திரமா வச்சிரு, ஒருநாள் வந்து சாப்பிடறேன்’னு கொடுத்தார். வாடை அசல் கேஸ் மாதிரியே இருக்கும். பக்கத்துல முட்டையை வச்சா முட்டை ஓட்டையும் தாண்டி உள்ள ஏறிடும்னா பாத்துக்குங்க!”

மூடியைத் திறந்தான். உள்ளே நாலு முட்டை, நடுவில் டிஷ்யூ பேப்பரில் பொதிந்த ஓர் உருண்டை. மெக்கானிக் மூக்கை நீட்டினார். வீடு முழுக்க ஒரே வாடை. அதில் டப்பாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, நாள் முழுக்க உழைத்த அந்த மூக்குக்குத் தெம்பில்லை.

“அட, ஆமா சார்! அதே வாடைதான்!”

அலுத்துப்போனவன் நல்ல சேதியைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

“இல்லைங்க, இது வேற வாடை” என்றாள் மனைவி. “அதுல கொஞ்சம் பூண்டு வாசம் இருக்கும். இதுல இல்ல.”

“ஆமா, நாலு தெரு மோப்பம் பிடிக்கிற மூக்கு!” கணவன் அந்தப் பொதியை உள்ளங்கையில் வைத்து ஏந்தினான். “தினம் இதுக்குப் பேப்பர் மாத்தணும்ணே. ஈரம் தங்கிச்சுன்னா அழுகிக் கூழாயிடும். அது இவ பொறுப்பு. என்னதான் பொத்திப் பொத்தி வச்சாலும் நாளாக நாளாகக் காஞ்சு எடை குறையும்னார் மேனேஜர். இங்க குறையல பாருங்க! வாங்கினப்போ இருந்ததைவிடக் கனமாவே இருக்கு. பிரிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாங்க!” அவள் அவசரமாகச் சொன்னாள். “காத்துப் படக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“பாத்தீங்களாண்ணே, என்னைவிட இவளுக்குத்தான் அக்கறை.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பாவம், அவன் இப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது. அவள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் மெயின் வால்வைத் திறந்துவிட்டார். “தைரியமா சமைங்க சார்” என்றபடி ஸ்பேனர்களைப் பையில் அள்ளிப் போட்டார். அவர் மனசு ஏற்கெனவே மூன்று மாடி இறங்கியிருந்தது.

“காளானை நானே சீவிப் போட்டுக்கறேன்” என்றாள் மனைவி. “நீங்க போய்ச் சட்டையை மாத்துங்க.”

“அதைக் கடைசியிலதான் மேல சீவிப் போடணும், வேக வைக்கக் கூடாது, ஞாபகம் வச்சுக்கோ. நான் வெண்ணெயை மட்டும் உருக்கிக் கொடுத்துட்டுப் போறேன்.”

வாணலியில் வெண்ணெயைப் போட்டான். வாடை முன்னைவிட இன்னும் தூக்கலாக அடித்தது. “வாசனையைப் பாரு, மேனேஜர் படி ஏறும்போதே அசந்துடப் போறார்!” என்று லைட்டரைக் கையில் எடுத்தான்.

தோளில் குழந்தை இருமியது. அவ்வளவுதான், அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன இது? விடு, நேரமாகுது!”

அவள் விடவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“பத்த வைக்காதீங்க… காளான் போன வாரமே அழுகிப்போச்சு. அந்தப் பேப்பருக்குள்ள இருக்கிறது உருளைக்கிழங்குங்க!”